கட்டுமானத் தளத்தில் எந்த வரைபடம் செல்லும்?



ஒரு கட்டுமானக் குழு தனக்குள் பகிர்ந்துகொள்ளும் மின்னிலக்க ஆவணங்களை எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி நான் இன்று பேசப் போகிறேன். "இது பொறியாளர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, நிகழ்ச்சி படைப்பவருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் பட்டயக் கல்வி பயின்றது வெகுசனத் தொடர்புத் துறையில். ஒருவர் சொல்வது மற்றவருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, நடுவழியில் எப்படி மாறிப்போகிறது என்பதே அந்தப் படிப்பின் அடிப்படை. கட்டுமானத் தளத்தில் ஒரு வரைபடம் செய்யும் வேலையும் அதுதான். அலுவலகத்தில் இருக்கும் பொறியாளர் சொல்ல நினைத்ததை, வெயிலில் நின்று கம்பி கட்டும் ஊழியரிடம் அது கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூரில் இந்தத் துறையில் நம்மவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொறியாளராக, வரைவாளராக, மேற்பார்வையாளராக, பாதுகாப்பு அதிகாரியாக வேலை செய்பவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். தமிழகத்திலிருந்து வந்து தளங்களில் உழைக்கும் சகோதரர்களோ பல்லாயிரம் பேர். ஒரு கோப்பு தவறான இடத்தில் இருந்தால் அதன் விலையை முதலில் கொடுப்பவர்கள் இவர்கள்தான். அதனால் இதை நம் வீட்டு விஷயமாகவே நான் கருதுகிறேன்.

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை

முதலில் ஓர் உதாரணம். இது எந்தத் தளத்திலும் நடக்கக்கூடியது.

ஐந்தாவது மாடியில் ஓர் உத்திரம். அதன் வழியாக ஒரு குழாய் போக வேண்டும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு திறப்பு விட வேண்டும். குழாய் வேலையைக் கவனிக்கும் பொறியாளர், திறப்பை 300 மில்லிமீட்டர் தள்ளி வைக்கும்படி கேட்கிறார். கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் பார்த்து ஒப்புக்கொள்கிறார். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குத் திருத்திய வரைபடம் எல்லாரும் பயன்படுத்தும் இணையக் கோப்புறையில் ஏற்றப்படுகிறது.

மேற்பார்வையாளரின் கைத்தொலைபேசியில் இருப்பதோ போன வியாழக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் வந்த படம். செவ்வாய்க்கிழமை காலையில் அதைப் பார்த்தே வேலை நடக்கிறது. மாலைக்குள் கான்கிரீட் ஊற்றியாகிவிட்டது. புதன்கிழமை விஷயம் தெரிய வருகிறது.

இப்போது என்ன செய்வது? இறுகிய கான்கிரீட்டில் துளையிட வேண்டும். கம்பி எங்கே ஓடுகிறது என்று முதலில் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். பொறியாளரின் அனுமதி வேண்டும். கம்பி வெட்டுப்பட்டால் உத்திரத்தின் வலு குறையும். நாளும் போகிறது, பணமும் போகிறது.

அதற்குப் பிறகு ஒரு விசாரணை நடக்கும். "வரைபடம் கோப்புறையில்தான் இருந்ததே" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது உண்மை. "புது வரைபடம் வந்ததாக எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று மேற்பார்வையாளர் சொல்வார். அதுவும் உண்மை. கடைசியில் பழி எங்கே வந்து விழும்? "ஏன்யா, பார்க்காமலா போட்டாய்?" என்று கம்பி கட்டியவரிடம் வந்து விழும். கொடுத்த படத்தைப் பார்த்து ஒழுங்காக வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பு எதுவும் தொலையவில்லை, வசதிக்கும் குறைவில்லை. இணையக் கோப்புறை இருந்தது, கைத்தொலைபேசி இருந்தது, குழு இருந்தது. எந்த வரைபடம் செல்லும் என்று சொல்லும் பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை. ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது என்றால் கோப்புறைகளை அடுக்கி வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எதைப் பார்த்துக் கட்டலாம், எதைப் பார்த்துக் கட்டக்கூடாது என்பதை ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்வதும், அது கடைசி ஊழியர்வரை தெரிவதும்தான் உண்மையான ஒழுங்கு என்பது என் கருத்து.

நான்கு அறைகள்

இந்தச் சிக்கலை உலகம் முழுவதும் சந்தித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2007ஆம் ஆண்டு வெளியான பிஎஸ் 1192 என்ற தரநிர்ணயம் இதற்கு ஒரு வழி சொன்னது. அதிலிருந்து வளர்ந்த ஐஎஸ்ஓ 19650 என்ற அனைத்துலகத் தரநிர்ணயத்தின் முதல் இரண்டு பகுதிகள் 2018ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயின. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். உள்ளே இருக்கும் கருத்து எளிமையானது. ஒரு திட்டத்தின் ஆவணங்கள் அனைத்துக்கும் ஒரே பொது இடம் இருக்க வேண்டும், அந்த இடத்தில் நான்கு நிலைகள் இருக்க வேண்டும் என்பதே அது. நாம் அவற்றை நான்கு அறைகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் அறை, வேலை நடந்துகொண்டிருக்கும் அறை. வரைபவரும் அவருடைய குழுவும் மட்டும் புழங்கும் இடம் இது. பாதி வரைந்தது, அழித்து எழுதியது எல்லாம் இங்கே இருக்கலாம். வெளியார் பார்க்கக்கூடாது.

இரண்டாவது, பகிர்வு அறை. ஒருவர் வரைந்ததை மற்றத் துறையினர் பார்த்துத் தங்கள் வேலையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் இடம். கட்டமைப்பு வரைபடத்தைக் குழாய்ப் பொறியாளர் இங்கேதான் பார்க்கிறார். பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம். இதை வைத்துக் கட்டக்கூடாது.

மூன்றாவது, வெளியீட்டு அறை. உரியவர் ஒப்புதல் கொடுத்த பிறகே ஓர் ஆவணம் இங்கே வரும். தளத்தில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது இந்த அறையை மட்டும்தான்.

நான்காவது, காப்பக அறை. மாற்றப்பட்ட பழைய வரைபடங்கள் இங்கே போகும். அவற்றை அழிக்கக்கூடாது. எப்போது, எதற்காக, யார் மாற்றினார் என்ற வரலாறு நமக்கு வேண்டும். ஆனால் அவை தளத்தில் இருப்பவர் கண்ணில் படக்கூடாது.

பிரிட்டிஷ் முறையில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நிலைக் குறியீடும் உண்டு. எஸ்1 என்றால் மற்றத் துறைகளோடு ஒத்துப் பார்ப்பதற்கு மட்டும். எஸ்2 என்றால் தகவலுக்கு மட்டும். எஸ்3 என்றால் பரிசீலித்துக் கருத்துச் சொல்வதற்கு. திருத்த எண்ணும் இப்படித்தான். பி01, பி02 என்று போனால் அது இன்னும் ஆரம்ப நிலையில் இருக்கிறது. சி01 என்று வந்தால்தான் ஒப்பந்தப்படி செல்லுபடியாகும்.

ஆகவே, "இது கடைசியாக வந்ததா?" என்று மட்டும் கேட்டால் போதாது. நேற்று இரவு வந்த பி04 பார்வைக்கு மட்டும் அனுப்பப்பட்டதாக இருக்கலாம். போன மாதம் வந்த சி01தான் இன்னும் செல்லும் என்றிருக்கலாம். "இது எதற்காக அனுப்பப்பட்டது?" என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்காததால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

கான்சஸ் சிட்டி சொல்லும் பாடம்

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் இருந்த ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் 1981ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி ஒரு நடன நிகழ்ச்சி நடந்தது. கூடத்துக்கு மேலே, கூரையிலிருந்து இரும்புத் தண்டுகளில் தொங்கும் நடைபாலங்கள் இருந்தன. நான்காவது மாடி நடைபாலம் இரண்டாவது மாடி நடைபாலத்தின் மேல் இடிந்து, இரண்டும் கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் மாண்டார்கள். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள்.

முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து வரும் ஒரே நீளத் தண்டு இரண்டு பாலங்களையும் தாங்குவதாக இருந்தது. தயாரிப்பதற்கு வசதியாக அந்த ஒரு தண்டு இரண்டு தண்டுகளாக மாற்றப்பட்டது. கீழ்ப்பாலம் கூரையிலிருந்து தொங்காமல் மேல்பாலத்திலிருந்து தொங்கும்படி ஆனது. இதனால் மேல்பாலத்தின் இணைப்பில் விழும் பாரம் இரு மடங்கானது. முதல் வடிவமைப்பே நகரின் கட்டட விதி கேட்ட வலுவோடு இல்லை என்பது பிறகு தெரிந்தது. மாற்றம் அதை மேலும் மோசமாக்கியது.

நம் தலைப்புக்குத் தேவையான செய்தி இனிதான் வருகிறது. பொறியாளர்கள் அனுப்பியது ஆரம்பநிலை வரைபடம். எஃகு தயாரித்தவர்கள் அதை இறுதி வரைபடமாக எடுத்துக்கொண்டார்கள். தண்டை மாற்றுவது பற்றித் தொலைபேசியில் பேசி ஒப்புதல் வாங்கியதாக எஃகு தயாரித்தவர்கள் சொன்னார்கள். மாற்றத்தைக் காட்டிய தயாரிப்பு வரைபடங்கள் பொறியாளர்களிடம் வந்தன, முத்திரையும் விழுந்தது. அந்த இணைப்பு பாரத்தைத் தாங்குமா என்று மட்டும் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பில் இருந்த பொறியாளர்கள் பின்னர் தங்கள் உரிமத்தை இழந்தார்கள்.

நேயர்களே, 1981இல் இணையம் இல்லை, வாட்ஸ்அப் இல்லை. எல்லாம் காகிதம். ஆனாலும் சிக்கல் நான் முதலில் சொன்ன செவ்வாய்க்கிழமையின் சிக்கலேதான். பார்வைக்கு அனுப்பியதைக் கட்டுவதற்கு அனுப்பியதாக நினைத்துக்கொள்வது, வாய்மொழி ஒப்புதலை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது, முத்திரை இருப்பதால் யாரோ பார்த்திருப்பார் என்று நம்புவது. மின்னிலக்க வசதி இந்தத் தவறுகளைத் தானாகத் தீர்த்துவிடாது. ஒழுங்கு இல்லாவிட்டால் அவற்றை இன்னும் வேகமாகப் பரப்பும்.

தொலைபேசியிலோ நேரிலோ ஒரு மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தால், அதை அன்றே எழுத்தில் கேட்டுப் பொது இடத்தில் பதிவு செய்ய வேண்டும். பதில் எழுத்தில் வரும்வரை வேலை நிற்க வேண்டும். தளங்களில் இதற்கென்றே ஆர்எஃப்ஐ எனப்படும் கேள்வித்தாள் முறை இருக்கிறது. அதற்கும் எண் உண்டு, தேதி உண்டு, பதில் சொன்னவர் பெயர் உண்டு. அவசரத்தில் அதைத் தாண்டிப் போகத்தான் நமக்குக் கை நீளுகிறது.

பெயர் வைப்பதில் இருக்கிறது பாதி வேலை

அடுத்து, கோப்புகளின் பெயர். பல அலுவலகக் கணினிகளைத் திறந்தால், "ஃபைனல்", "ஃபைனல் 2", "லேட்டஸ்ட்", "இதுதான் கடைசி" என்று வரிசையாக நிற்கும். இவற்றில் எது கடைசி என்பது அந்தப் பெயர்களை வைத்தவருக்கே ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

நல்ல பெயர் என்பது கோப்பைத் திறக்காமலே விவரம் சொல்ல வேண்டும். எந்தத் திட்டம், எந்த நிறுவனம் தயாரித்தது, கட்டடத்தின் எந்தப் பகுதி, எந்த மாடி, வரைபடமா அறிக்கையா, கட்டமைப்பா குழாயா மின்சாரமா, வரிசை எண் என்ன என்பவை ஒரே ஒழுங்கில் வர வேண்டும். எல்லா நிறுவனங்களும் அதே ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும். திட்டம் தொடங்கும் முதல் வாரத்திலேயே இதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரிடமும் கொடுத்துவிட வேண்டும். பாதியில் தொடங்கினால் நடக்காது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வரைபடம் திருத்தப்படும்போது அதன் எண் மாறக்கூடாது, திருத்த எண்தான் மாற வேண்டும். வீட்டு எண்ணும் குடியிருப்பவரும் போல. வீட்டு எண் மாறாமல் இருந்தால்தான் தேடி வருபவர் சரியான வாசலில் வந்து நிற்பார். திருத்த வரலாற்றைத் தானே வைத்துக்கொள்ளும் மென்பொருள் இருந்தால் அதையே நம்பலாம். சாதாரணக் கோப்புறைதான் இருக்கிறது என்றால், பெயரின் கடைசியில் மட்டும் திருத்த எண்ணைச் சேர்த்து, பழையதை உடனே காப்பக அறைக்கு மாற்ற வேண்டும்.

எங்கள் படப்பிடிப்புத் துறையிலும் இதற்கு நிகரான ஒரு பழக்கம் உண்டு. ஹாலிவுட்டில் திரைக்கதை திருத்தப்பட்டால், திருத்திய பக்கங்களை வேறு நிறத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். கையில் வெள்ளைத் தாளோடு ஒருவர் நின்றால், அவர் பழைய வசனத்தைப் பேசப்போகிறார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வசனம் மாறினால் இன்னொரு முறை படம் பிடித்துக்கொள்ளலாம். கான்கிரீட்டை அப்படித் திரும்ப ஊற்ற முடியாது.

வாட்ஸ்அப்பைத் தடை செய்ய வேண்டுமா?

"அப்படியானால் வாட்ஸ்அப்பில் வரைபடம் அனுப்பவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தடை போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. அது எல்லாருடைய கையிலும் இருக்கிறது, எழுதத் தயங்குபவரும் அதில் குரலில் பேசலாம். பேசுவதற்கு அது நல்ல இடம். வரைபடத்தைச் சேமித்து வைப்பதற்கு அது இடமில்லை.

ஒரு வரைபடத்தின் கீழ் மூலையில் அல்லது வலது ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் வரைபட எண், திருத்த எண், தேதி, எதற்காக வெளியிடப்பட்டது என்ற விவரம் எல்லாம் இருக்கும். கைத்தொலைபேசியில் படம் எடுப்பவர் தமக்குத் தேவையான உத்திரத்தை மட்டும் பெரிதாக எடுப்பார். அந்தக் கட்டம் படத்தில் வராது. அந்தப் படம் பத்துப் பேருக்குப் போகும். அடுத்த வாரம் அதே படத்தைப் பார்ப்பவருக்கு அது பழையதா புதியதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஆகவே குழுவில் வரைபடத்தை அனுப்ப வேண்டாம், அது இருக்கும் இடத்தின் இணைப்பை அனுப்புங்கள். "ஐந்தாவது மாடி உத்திர வரைபடம் மாறியிருக்கிறது, இப்போது சி02, பழையதைப் பயன்படுத்த வேண்டாம்" என்று ஒரு வரி போதும். இணைப்பைத் தட்டினால் வெளியீட்டு அறையில் இருப்பது திறக்கும். அந்த அறையில் தளத்தில் உள்ளவர்கள் பார்க்க மட்டும் முடியும், மாற்றவோ அழிக்கவோ முடியாது என்று அனுமதியை அமைத்துவிட வேண்டும்.

நிலவறைகளில் இணையத் தொடர்பு கிடைக்காது. காகிதம் வேண்டித்தான் இருக்கும். அப்போது யாரிடம் எந்தத் திருத்தத்தின் எத்தனை நகல் இருக்கிறது என்று ஒரு பதிவேடு வேண்டும். புதியதைக் கொடுக்கும்போது பழையதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க முடியாவிட்டால் அதன்மேல் "செல்லாது" என்று பெரிதாக முத்திரை குத்த வேண்டும். அச்சிடும் தாளில் ஒரு கியூஆர் குறியீடு சேர்த்துவிட்டால், கைத்தொலைபேசியைக் காட்டியதும் அது இன்றைய தேதியில் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

யார் பொறுப்பு?

பெரிய தளங்களில் ஆவணக் கட்டுப்பாட்டாளர் என்று ஒருவர் இருப்பார். தள அலுவலகத்தின் ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். பலர் அவரைத் தட்டச்சு செய்பவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், ஒப்புதல் இல்லாத வரைபடம் தளத்துக்குள் போகாமல் தடுக்கும் காவல் அவர்தான். "அம்மா, அவசரம், இதை மட்டும் ஏற்றிவிடுங்கள், கையெழுத்து நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்று மேலாளர் கேட்டால், "முடியாது" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். அவர் விடுப்பில் போனால் அந்த வேலையைப் பார்க்க இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும்.

"எங்களுடையது எட்டுப் பேர் கொண்ட துணைக் குத்தகை நிறுவனம், இதற்கெல்லாம் ஆளும் இல்லை, பணமும் இல்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சிரமம் உண்மையானது. ஆனால் இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. நீங்கள் இப்போது பயன்படுத்தும் இணையக் கோப்புறையிலேயே நான்கு அறைகளையும் அமைக்கலாம். ஒரே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரைபட எண், செல்லுபடியாகும் திருத்தம், வந்த தேதி, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற நான்கு விவரங்கள் போதும். குழுவில் ஒருவரை அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பாக்குங்கள். முதன்மைக் குத்தகையாளரிடமிருந்து புதிய வரைபடம் வந்தால் அவர் வழியாக மட்டுமே தளத்துக்குப் போக வேண்டும்.

தினமும் காலையில் வேலை தொடங்குவதற்குமுன் தளங்களில் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கிறது. பாதுகாப்புப் பற்றிப் பேசுகிறோம். அதோடு இரண்டு நிமிடம் சேர்த்து, இன்று வேலை செய்யப்போகும் இடத்தின் வரைபட எண்ணையும் திருத்த எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். கையில் இருக்கும் தாளில் அதே எண் இருக்கிறதா என்று எல்லாரும் பார்க்கட்டும். இதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை.

நம் தளங்களில் தமிழும் வங்காளமும் சீனமும் ஒன்றாக ஒலிக்கின்றன. ஆங்கிலக் குறியீடுகள் எல்லாருக்கும் புரியும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கட்டலாம் என்பதற்குப் பச்சை, பார்வைக்கு மட்டும் என்பதற்கு மஞ்சள், செல்லாது என்பதற்குச் சிவப்பு என்று நிறம் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொற்களை ஊழியர்களின் மொழிகளில் எழுதித் தள அலுவலக வாசலில் ஒட்டலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. "அண்ணே, இது எந்தத் திருத்தம்ணே? பச்சை முத்திரை இல்லையே" என்று ஓர் ஊழியர் கேட்டால், "உனக்கு எதற்குடா அது, சொன்னதைச் செய்" என்ற பதில் வரக்கூடாது. "நல்லவேளை கேட்டாய் தம்பி, இரு, பார்த்துச் சொல்கிறேன்" என்ற பதில் வர வேண்டும். கேட்பவரை மதிக்காத தளத்தில் எந்த மென்பொருளும் உதவாது.

கட்டி முடித்த பிறகு

கட்டடம் எழும்பிவிட்டால் கோப்புகளின் வேலை முடிந்துவிடுமா? முடியாது.

1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி சிங்கப்பூரில் ஹோட்டல் நியூ வோர்ல்டு கட்டடம் இடிந்து 33 பேர் மாண்டதை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையே கட்டமைப்புக் கணக்கில் முறையாகச் சேர்க்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதற்குப் பிறகு 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. கட்டமைப்பைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்கும் முறை வந்தது. குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, மற்றக் கட்டடங்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை.

அப்படிச் சோதிக்க வரும் பொறியாளர் முதலில் கேட்பது என்ன? கட்டடத்தின் வரைபடத்தைத்தான். சுவருக்குள் இருக்கும் கம்பியைக் கண்ணால் பார்க்க முடியாது. உண்மையில் கட்டப்பட்டது எப்படி என்று காட்டும் வரைபடம் அவருக்கு வேண்டும். கட்டியவர்கள் ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். கைத்தொலைபேசியை மாற்றியிருப்பார்கள். வாட்ஸ்அப் குழு கலைந்திருக்கும். ஒழுங்காக வைத்த கோப்புதான் அப்போது பேசும்.

லண்டனில் 2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பற்றி 72 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு கட்டட விதிமுறைகளை ஆராய்ந்த டேம் ஜூடித் ஹேக்கிட் 2018இல் அளித்த அறிக்கையில், தங்க இழை என்ற ஒரு கருத்தை முன்வைத்தார். வடிவமைப்பு முதல் கட்டடத்தின் ஆயுட்காலம் முழுவதும், அதைப் பற்றிய சரியான தகவல் அறுபடாத ஓர் இழையாக மின்னிலக்க வடிவில் தொடர வேண்டும் என்பதே அது. உயரமான குடியிருப்புக் கட்டடங்களுக்கு அது இங்கிலாந்தில் சட்டக் கடமையாகிவிட்டது. இங்கே சிங்கப்பூரிலும், 10 மில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள திட்டங்களில், வடிவமைப்பிலிருந்தே வரும் ஆபத்துகளைப் பதிவு செய்து அந்தப் பதிவேட்டைக் கட்டட உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் நடப்பில் இருக்கிறது.

அரசாங்கத்திடம் திட்டங்களைச் சமர்ப்பிக்கும் முறையும் மாறிவிட்டது. பெரிய கட்டடங்களுக்கு முப்பரிமாண மாதிரியை மின்னிலக்க முறையில் சமர்ப்பிப்பது 2013 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் கோர்நெட் எக்ஸ் தளம் தொடங்கப்பட்டது. வடிவமைப்பாளரும் பொறியாளர்களும் தனித்தனியே ஒவ்வோர் ஆணையத்திடமும் போகாமல், தங்களுக்குள் முதலில் ஒத்துப்பார்த்து ஒரே மாதிரியாகக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் நோக்கம். தரைப்பரப்பு 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய திட்டங்களுக்கு 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து அது கட்டாயம். ஆகவே கோப்பு ஒழுங்கு இனி யாருடைய விருப்பத்தையும் பொறுத்ததன்று. ஆனால் ஆணையம் பார்ப்பது அலுவலகத்திலிருந்து மேலே போகும் கோப்பை. அலுவலகத்திலிருந்து தளத்துக்குக் கீழே போகும் கோப்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேயர்களே, நான் சொன்னவற்றில் ஒன்றுகூடப் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஒரே இடம், நான்கு அறைகள், ஒழுங்கான பெயர், எழுத்தில் ஒப்புதல், பொறுப்புக்கு ஒருவர். துறையில் இருப்பவர்களுக்கு இவை தெரிந்தவைதான். அவசரம் வரும்போது நாம் முதலில் கைவிடுவதும் இவற்றைத்தான். இந்த ஒழுங்கு முதலாளியின் பணத்தைக் காப்பாற்றுகிறது, பொறியாளரின் உரிமத்தைக் காப்பாற்றுகிறது. செய்யாத தவறுக்காக ஓர் ஊழியர் தலைகுனிந்து நிற்காமலும் அது காப்பாற்றுகிறது.

இந்தத் துறையில் வேலை செய்யும் கணவர், மகள், தம்பி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "உங்கள் தளத்தில் எந்த வரைபடம் செல்லும் என்று யார் சொல்கிறார்?" அவர் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னால் மகிழ்ச்சி. தயங்கினால், திங்கட்கிழமை காலையில் அவர் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான்.